தெரிந்துகொண்டே கேட்கிறவர்கள்

என் மகள் அன்றைக்குச் சபையில் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதைப் பற்றி என் மனைவியின் பிறந்த வீட்டில் இன்றுவரை ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அழுத்தக்காரி என்கிறார்கள். பயந்துவிட்டாள் என்கிறார்கள். அப்பன் சொல்லிக்கொடுத்து ஆடவிட்ட நாடகம் என்று சொல்கிறவர்களும் உண்டு. மூன்றும் பொய். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் முந்திரித் தோப்புப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதை ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும். வந்துவிட்டுப் போகட்டும்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். மண்ணெண்ணெய் அளந்துதான் கிடைத்தது. பெட்ரோல் இல்லாமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடின. பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு வருகிற பஸ் மேடு கண்ட இடத்தில் நின்றுவிடும். ஆண்பிள்ளைகள் இறங்கித் தள்ள வேண்டும். அந்த ரோட்டின் மேல்தான் எங்கள் ஊர். எனக்குப் பருத்தியும் சோளமும் கொத்துமல்லியும் விளைகிற கரிசல் காடு கொஞ்சம் உண்டு. ஊருக்குத் தெற்கே செம்மண் மேட்டில் ஒரு முந்திரித் தோப்பு. வடநாட்டில் ஏதோ ஆசிரமத்தில் இருந்துவிட்டு வந்த ஒரு புருஷனும் பெண்சாதியும் அதில் இரண்டு கொட்டகை போட்டுப் பள்ளிக்கூடம் என்றார்கள். பிள்ளைகள் அவர்களை அண்ணன், அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வகுப்பு கிடையாது, பரீட்சை கிடையாது, பிரம்பு கிடையாது. காலையில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து அன்றைக்கு என்ன செய்வது என்று அவர்களே பேசி முடிவு செய்வார்கள். நூற்கிறவன் நூற்பான், கடலைக்குக் களை எடுக்கிறவள் களை எடுப்பாள், எழுத்துத் தெரிய வேண்டும் என்று தோன்றுகிறவன் அக்காவிடம் போய்க் கேட்பான்.

பிரம்பு கிடையாது என்று கேட்ட உடனேயே என் மகளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். நான் படித்த பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வி கேட்டுத்தான் அடிப்பார். "ஏழெட்டு எவ்வளவுடா?" என்பார். நான் வாயைத் திறப்பதற்குள் முட்டியில் விழும். விடை அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது என்பதும் தெரியும். பின்னே எதற்குக் கேட்கிறார் என்று அந்த வயதிலேயே எனக்கு வயிறெரியும். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அதனால் அந்தத் தோப்பில் இருந்த ஒரு வழக்கம் எனக்குத் தேன் மாதிரி இருந்தது. அங்கே ஒருவரும், பெரியவர்களானாலும், தனக்குத் தெரிந்த விஷயத்தைப் பிள்ளைகளிடம் கேள்வியாகக் கேட்கக் கூடாது. தெரியாததை மட்டும் கேட்கலாம். தெரிந்துகொண்டே கேட்பது ஒருவகைப் பொய் என்பார் அந்த அண்ணன். அப்படி யாராவது கேட்டால் பிள்ளைகள் பதில் சொல்லத் தேவையில்லை. வீட்டிலும் இதையே கடைப்பிடிக்க வேண்டும் என்று சேர்க்கும்போதே பெற்றவர்களிடம் சொல்லிவிட்டார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. வட்டத்தில் ஒரு முடிவு எடுத்தால் ஒவ்வொரு பிள்ளையும் வாய் திறந்து "சரி" என்று சொல்ல வேண்டும். ஒன்று பேசாமல் இருந்தாலும் அது சம்மதமில்லை என்று அர்த்தம். அந்தப் பேச்சு மறுநாளைக்குத் தள்ளிப்போகும். எருக்குழி எங்கே வெட்டுவது என்பது இப்படியே தள்ளித் தள்ளி, கடைசியில் மழையே வந்துவிட்டது. நான் சிரித்தேன். சிரித்த அந்த வழக்கம்தான் பின்னால் என்னை அழவைத்தது.

ஊரில் இப்படி ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. நம் ஜனங்கள் தெரிந்ததைத்தான் கேட்பார்கள். குடத்தோடு போகிறவளைப் பார்த்து "என்ன, தண்ணிக்கா?" என்பார்கள். தலையில் மூட்டையோடு வருகிறவனைப் பார்த்து "என்ன, சந்தையிலேருந்தா?" என்பார்கள். அது கேள்வியில்லை, பிரியம். என் மகளுக்கு அது புரியவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, கேட்டவரின் முகத்தையே பார்ப்பாள், ஒருவேளை இவருக்குக் கண் சரியாகத் தெரியாதோ என்கிற மாதிரி. பிறகு பேசாமல் போய்விடுவாள். திமிர் பிடித்தவள் என்று பெயர் வந்தது.

என் மனைவி அந்த வழக்கத்தை ஒரு நாளும் ஏற்றுக்கொண்டதில்லை. "சாப்ட்டியாடீ?" என்று கேட்பாள், தட்டில் அவளே சோறு போட்டுவிட்டு. மகள் பதில் சொல்லமாட்டாள். "ஏங்க, இது பொண்ணா, கல்லா? தோப்புல கொண்டுபோய் நல்லா வளத்து வச்சிருக்கீங்க" என்று என்மேல் பாய்வாள். நான் கேலியாக, "நீ தெரியாததைக் கேளு, சொல்லுவா" என்பேன். "எனக்குத் தெரியாதது ஒண்ணுந்தாங்க. இவளை எவன் கட்டிக்குவான்?" என்பாள்.

ஆனால் தெரியாததைக் கேட்டால் அவள் சும்மா விடமாட்டாள். எங்கள் பக்கத்து ஓடைகளில் கல்லாகிப் போன சிப்பியும் சுருட்டை நத்தையும் கிடக்கும். நாங்கள் அதை மிதித்துக்கொண்டே வளர்ந்தவர்கள். அவள் ஒரு நாள் கை நிறையப் பொறுக்கிக்கொண்டு போய் அண்ணனிடம், "இங்க கடல் இருந்துச்சா?" என்று கேட்டாள். அவர், "எனக்குத் தெரியல. ரெண்டு பேரும் பாப்போம்" என்றார். அதற்கப்புறம் அந்த வருஷம் முழுக்க அவள் ஓடை ஓடையாக அலைந்தாள். எந்த மண்ணில் எந்தச் சிப்பி என்று கரைக்குக் கரை பிரித்து வைத்தாள். அதற்காகவே எழுத்துக் கூட்டப் படித்தாள், அதற்காகவே கணக்குப் போட்டாள். நான் பெருமையில் பூரித்துப் போனேன். யார் வீட்டுக்கு வந்தாலும் கூடையைத் தூக்கிவந்து காட்டுவேன். "எம்பொண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேணாம். தானே தீர்மானிச்சுப் படிக்குது" என்று தம்பட்டம் அடிப்பேன். வந்தவர்கள் சிப்பியைப் பார்த்துவிட்டு மோர் குடித்துவிட்டுப் போவார்கள்.

அவள் வயதுக்கு வந்தாள். அதோடு பேச்சு மாறியது.

என் மனைவிக்கு அரும்பாவூர். தாய் போனபோது அவளுடைய தம்பி கைக்குழந்தை. இடுப்பில் தூக்கி வளர்த்தவள் இவள்தான்; என்னைக் கட்டிக்கொண்டு வந்தபோது அழுத அழுகையெல்லாம் அந்தப் பையனை விட்டு வருவதற்காகத்தான். அவன் நல்லவன். வெங்காயம் போடுகிற தோட்டம், கிணறு, ஒரு ஜோடி மாடு. குடி கிடையாது, சூது கிடையாது. என் மகளை நினைத்து ஊருக்கு வரும்போதெல்லாம் மலையடியிலிருந்து சீத்தாப்பழம் கொண்டுவருவான். அவளும் "மாமா, மாமா" என்று அவன் முதுகிலேயே கிடந்து வளர்ந்தவள். அக்காள் மகளைத் தம்பிக்குக் கொடுப்பது எங்களுக்குள் சொல்லிவைத்தாற்போல் நடக்கிற காரியம். அவள் வயதுக்கு வந்ததும் தாய்மாமன் முறைக்கு அவன் தன் கையால் பச்சை ஓலை வெட்டி அவளுக்குக் குடிசை கட்டினான், சீர் கொண்டுவந்து வைத்தான். அன்றைக்கே அவர்கள் வீட்டில் எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். பரிசம் இப்போது, கல்யாணம் அடுத்த வருஷம்.

என் மனைவியின் பெரியப்பா பேச்சை எடுத்தார். நான், "புள்ள படிச்சிக்கிட்டிருக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். "தோப்புல நத்தை பொறுக்கறதெல்லாம் ஒரு படிப்பாங்க?" என்றார் அவர். எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "திருச்சியில பொம்பளைப் புள்ளைங்க ஹைஸ்கூல்ல வர்ற ஆனியில சேத்துக் காட்டறேன். சேந்துட்டா அது படிப்பை முடிக்கிற வரைக்கும் யாரும் பேசக் கூடாது. சேரலேன்னா ஆவணியில உங்க இஷ்டம்" என்றேன். அவர் உடனே, "நாலு பேர் முன்னாடி சொல்லிட்டீங்க" என்றார். அவ்வளவுதான். என் வாய் எனக்கே எமன்.

சேர்ந்துவிடுவாள் என்பதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. அவளுக்குத் தெரிந்ததில் பாதி அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைத்தேன். தெரிந்ததைச் சொல்லத்தான் வேண்டும் என்பது என் கழுதைப் புத்தியில் தோன்றவில்லை. சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை அவளிடம் நான் சொல்லவும் இல்லை. பயமுறுத்திப் படிக்க வைப்பதற்குப் பிரம்பே தேவலை என்று இருந்தேன்.

அரியலூரில் ரயிலேறித் திருச்சிக்குப் போனோம். தன் கையால் நூற்ற நூலில் நெய்த முரட்டுத் தாவணி, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, மடியில் ஒரு சுருட்டை நத்தை. தலைமை ஆசிரியை கண்ணாடி போட்டவர், வெள்ளைப் புடவை, பார்த்தால் மரியாதை வருகிற முகம். அவர் அன்பாகத்தான் ஆரம்பித்தார்.

"பதினெட்டும் இருபத்தஞ்சும் கூட்டினா எவ்வளவு?"

என் மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதாங்க?" என்றாள். குறும்பு இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அந்த அம்மாளின் கண்ணாடி என் பக்கம் திரும்பியது. "சொல்லு ஆயி" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், நீங்களுமா என்று இருந்தது.

"நம்ம மாகாணத்துக்குத் தலைநகர் எது?"

பதில் இல்லை.

"தமிழ் எழுத்து மொத்தம் எத்தனை?"

பதில் இல்லை. கை கட்டி, மரியாதையாக, நிமிர்ந்து நின்றாள். "அவளுக்கெல்லாம் தெரியுங்கம்மா, அவங்க பள்ளிக்கூடத்துல ஒரு வழக்கம்" என்று நான் உளறினேன். அந்த வழக்கத்தை விளக்க விளக்க அது எனக்கே பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. நடுவில் என் மகள் மடியிலிருந்து நத்தையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "எங்க ஓடையில கெடக்குது. கடல் எப்போ எங்க ஊரை வுட்டுப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியுங்களா?" என்றாள். தெரியும் என்றோ தெரியாது என்றோ அவர் சொல்லியிருந்தால் என் மகள் அவர் காலடியில் உட்கார்ந்திருப்பாள். "கேள்வி கேக்கறது இங்க என் வேலை" என்றார் அவர். எழுந்துவிட்டார்.

வெளியே வந்து நான் அந்த வராந்தாவிலேயே நின்றேன். காலைப் பிடிக்காத குறையாக மறுபடி ஒரு தரம் உள்ளே போய்க் கேட்டேன். "உங்க பொண்ணுக்குப் புத்தி இருக்கு. அடக்கம் இல்ல. எனக்கு இருநூறு பிள்ளைங்க இருக்காங்க" என்றார். அவர்மேல் குற்றம் சொல்ல மனசு வரவில்லை, அதுதான் வேதனை.

ரயில் கொள்ளிடத்துப் பாலத்தைத் தாண்டியது. அப்புறம் சொல்லிவிட்டேன். பெரியப்பா கேட்டது, நான் வாக்குக் கொடுத்தது, ஆவணி, பரிசம், மாமா, எல்லாவற்றையும். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டுக்கொண்டாள். லால்குடி போனது. புள்ளம்பாடி வந்தபோது திரும்பினாள்.

"இதை உள்ளாற போறதுக்கு முந்தியே சொல்லியிருக்கலாமேப்பா."

"சொன்னா?"

"அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தாலும், நமக்கு எடம் வேணும்னு பதில் சொல்லியிருப்பேன்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவள், "பரிசம் போடறப்போ என்னையக் கேப்பாங்களாப்பா?" என்றாள்.

கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் அது உண்டு. தட்டு மாற்றுவதற்கு முன்னால் பெரியவர் ஒருவர் பெண்ணைப் பார்த்து மூன்று தரம், "சம்மதமா தாயி?" என்று கேட்பார். "கேப்பாங்க" என்றேன்.

"அப்போ சரி. கேட்டா சொல்லிக்கிறேன்" என்றாள். அத்தோடு அவளுக்கு அந்த விஷயம் தீர்ந்துவிட்டது. என்ன சொல்லப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு இரண்டு பதிலுமே பயமாக இருந்தது. வேண்டாம் என்றால் என் மனைவி உடைந்து போவாள். சரி என்றால் நான்.

ஆடி மாதம் அப்படி ஒரு நீளம் நீண்டு நான் பார்த்ததில்லை. பெரம்பலூர்ப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டுப் போனேன். முன்பு படித்த வகுப்புக்குச் சர்ட்டிபிகேட் எங்கே என்றார்கள். வகுப்பே இல்லாத பள்ளிக்கூடத்தில் சர்ட்டிபிகேட்டுக்கு எங்கே போவது? வெள்ளிக்கிழமை சிறுவாச்சூருக்குப் போய்க் காளி முன்னால் நின்றேன். என்ன வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல் நின்றுவிட்டு வந்தேன். பருத்தி விதைப்புக்கு உழுது போட வேண்டிய காடு அப்படியே கிடந்தது. "ஊர்ல எல்லாரும் ஏரு பூட்டிட்டாங்க, நீங்க என்னாங்க பித்துப் புடிச்ச மாதிரி" என்று என் மனைவி திட்டினாள். அவளுக்கு அந்த ஆடி பூராவும் சந்தோஷம். தம்பிக்குப் பலகாரம் என்ன, மகளுக்குச் சேலை எந்த நிறம் என்று அவள் திட்டம் போடுகிறபோது நான் மாட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொள்வேன். வளர்த்த தம்பிக்கே மகளைக் கொடுப்பதைவிட ஒருத்திக்கு என்ன பெரிய ஆசை இருக்க முடியும்? அவளைக் கோபித்துக்கொள்ளவும் எனக்கு வழியில்லை.

கடைசியில் தோப்புக்குப் போய்க் கத்தினேன். அண்ணன் என்கிற அந்த மனிதர் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். "உங்க வழக்கத்தால எம்பொண்ணு வாழ்க்கை போச்சுங்க. உலகம் பூரா தெரிஞ்சதைத்தான் கேக்குது. பதில் சொல்லத் தெரியாத புள்ளையை வளத்து என் கையில குடுத்துட்டீங்க. இப்ப நான் என்னாங்க பண்ணட்டும், சொல்லுங்க" என்றேன். அவர் துணியை வைத்துவிட்டு எழுந்து நின்றார். ரொம்ப நேரம் யோசித்தார்.

"எனக்குத் தெரியலீங்க" என்றார்.

அவர் கழுத்தைப் பிடிக்கலாம் போல் இருந்தது. அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. ஏதாவது ஒரு பொய் சொல்லி என்னைத் தேற்றி அனுப்பக்கூட அவருக்குத் தெரியவில்லை.

ஆவணி பிறந்தது. அரும்பாவூரிலிருந்து இரண்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வாசலில் பந்தல், பாய், தட்டு வரிசை. வெற்றிலை பாக்கு, மஞ்சள், தேங்காய், பழம், அரக்கு நிறச் சேலை. என் மனைவியின் தம்பி வெள்ளை வேட்டியில் கூச்சத்தோடு ஓரமாக உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து, "மாமா, தட்டுல சீத்தாப்பழம் வச்சிருக்கேன், அதுக்குப் புடிக்கும்னு" என்றான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

என் மகளை உட்காரவைத்தார்கள். நெற்றியில் சந்தனம், கழுத்து நிறைய மாலை. அவள் பயப்படவில்லை. யார் கேட்கப்போகிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்திருக்கிற பெண். நான் எதிரே உட்கார்ந்து, இவள் சொன்னால் போதும், ஒரு வார்த்தை, எதுவாக இருந்தாலும், என்று மனசுக்குள் முட்டிக்கொண்டிருந்தேன். என் வாக்கை நான் மீற முடியாது. ஆனால் அவள் வாயிலிருந்து வந்தால் சபை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். "ஏந்தாயி, உன் மாமனைக் கட்டிக்க உனக்குச் சம்மதமா?"

என் மகள் நிமிர்ந்தாள். "தெரிஞ்சுக்கத்தான் கேக்கறீங்களா தாத்தா?" என்றாள்.

சபையில் ஒரே சிரிப்பு. பெரியப்பாவும் சிரித்தார். "தெரியாமலா கேக்கறேன்? உன் மனசு எனக்குத் தெரியாதா? இது சும்மா முறைக்குக் கேக்கறது தாயி" என்றார். பாவம், பிரியமாகத்தான் சொன்னார்.

அவள் வாய் மூடிக்கொண்டது. நான் கண்ணால் பார்த்தேன், ஒரு கதவு சாத்துகிற மாதிரி. முறைக்குக் கேட்கிற கேள்விக்கு அவளிடம் பதில் கிடையாது. இரண்டாம் தரம் கேட்டார். பேசாமல் இருந்தாள். மூன்றாம் தரம் கேட்டார். பேசாமல் இருந்தாள். பிறகு என் பக்கம் பார்த்தாள். நிம்மதியாக இருந்தது அந்த முகம். பார்த்தீங்களாப்பா, நான் சரின்னு சொல்லல, பேச்சு நாளைக்குத் தள்ளிப்போச்சு என்று சொன்னது.

உள்ளேயிருந்து பெண்கள், "வெக்கப்படுதுங்க, சம்மதந்தான்" என்றார்கள். குலவை போட்டார்கள். என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பெரியப்பா தட்டைத் தூக்கினார்.

எங்கள் ஊரில் பெண் பேசாமல் இருந்தால் சம்மதம். தோப்பில் பேசாமல் இருந்தால் சம்மதமில்லை. இரண்டு ஊர்ப் பேச்சும் தெரிந்தவன் அந்தப் பந்தலில் நான் ஒருத்தன்தான். அவள் மறுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவளைக் கொடுத்துவிட்டதாக ஊரே குலவை போடுகிறது. தட்டு என் கைக்கு வருகிறது. அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது, இந்த ஒரு விஷயத்தை நானும் அவளிடம் கேட்டதே இல்லை. தானே தீர்மானிக்கிற பெண் என்று ஊரெல்லாம் கூடையைத் தூக்கிக் காட்டியவன், அவளுக்கு மாமனைக் கட்டிக்கொள்ள ஆசை இருக்கிறதா இல்லையா என்று ஒரு நாள் கேட்டதில்லை. எனக்கு நிஜமாகவே தெரியாது.

"இருங்க" என்றேன். "நான் ஒண்ணு கேக்கணும். எனக்குத் தெரியாது ஆயி. தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். உனக்கு இது வேணுமா?"

குலவை நின்றது. என் மகள் யோசித்தாள். தோப்பில் அப்படித்தான், நல்ல கேள்வி என்றால் அவசரப்பட்டுப் பதில் சொல்லமாட்டார்கள். பெரியப்பா தட்டைப் பிடித்த கையோடு நிற்கிறார். நான் செத்துப் பிழைத்தேன்.

"வேணாம்பா" என்றாள். "மாமாவை எனக்குப் புடிக்கும். கட்டிக்க வேணாம்."

"நாலு பேர் முன்னாடி வாக்குக் குடுத்தீங்களேய்யா" என்றார் பெரியப்பா. குடுத்தேன், மீறுகிறேன் என்றேன். அதற்கப்புறம் நடந்த பேச்சுக்களை நான் எழுதப் போவதில்லை. என்னைச் சொன்னதெல்லாம் எனக்குத் தகும். என் மனைவியின் தம்பி தானே தட்டுகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வண்டியில் அடுக்கினான். சீத்தாப்பழத்தை மட்டும் எடுத்துப் பாயின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனான். அக்காளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டிகள் ரோடேறிய பிறகு என் மனைவி பந்தலில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆக்கி வைத்த சோறு அடுப்படியில் ஆறிக்கொண்டிருந்தது. அவள் என்னைத் திட்டுவாள், மகளை அடிப்பாள் என்று பார்த்தேன். அதெல்லாம் செய்யவில்லை. மகள் மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இனிமே நான் எம்பொறந்த வூட்டுக்கு எப்படிடீ போவேன்?" என்றாள் என் மனைவி.

அத்தனை வருஷத்தில் அவள் மகளிடம் கேட்ட கேள்விகளில் தெரியாமல் கேட்டது அது ஒன்றுதான். மகளுக்கு அது புரிந்தது. தாயின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வெயில் பந்தலை விட்டு இறங்குகிற வரைக்கும் யோசித்தாள்.

"தெரியலம்மா" என்றாள்.

என் மனைவி அதை அதற்கப்புறம் யாரிடமும் கேட்கவில்லை. அரும்பாவூருக்குப் போகவும் இல்லை.